பன்னிரண்டு வீடு, நான்கு வருகை

(புள்ளியியல் நாளையொட்டிக் கோவையில் நிகழ்த்திய பொதுச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



ஜூன் 29 பேராசிரியர் மகலனோபிஸ் பிறந்த நாள். 2007 முதல் அதைத் தேசியப் புள்ளியியல் நாளாகக் கொண்டாடுகிறோம். அவர் முன்னின்று உருவாக்கிய தேசிய மாதிரிக் கணக்கெடுப்பு 1950-இல் தொடங்கியது. 2025-இல் எழுபத்தைந்து ஆண்டுகளை நிறைவு செய்தது. இந்த நாளில் மேடையேறுபவர்கள் பெரும்பாலும் கோட்பாடுகளைப் பேசுவார்கள். நான் அந்தக் கோட்பாடுகளைத் தோளில் சுமப்பவர்களைப் பற்றிப் பேச விரும்புகிறேன். தில்லியில் மாதிரி வடிவமைப்பில் ஓர் எண் மாறுகிறது. அதனால் பல்லடம் பக்கம் ஒரு கணக்கெடுப்பாளருடைய நாள் எப்படி மாறுகிறது, கோவையில் ஓர் அலுவலகத்தின் மாதம் எப்படி மாறுகிறது என்பதே இன்றைய பொருள்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மாதிரியைத் திருத்தி அமைக்கும்போது மனிதர்களுடைய நேரத்தையும் சேர்த்தே திருத்தி அமைக்கிறோம். அந்த நேரத்தை முன்கூட்டிக் கணக்கிட்டு, ஆளும் பணமும் பயிற்சியும் ஒதுக்கினால் புதிய வடிவமைப்பு நல்ல பலன் தரும். ஒதுக்கத் தவறினால், எண்ணிக்கை கூடும். அதன்மேல் நமக்கிருக்கும் நம்பிக்கை குறையும்.

ஏட்டில் ஒரு மடங்கு, நடையில் ஒரு மடங்கு

நாட்டில் எத்தனை பேருக்கு வேலை இருக்கிறது, எத்தனை பேர் வேலை தேடி அலைகிறார்கள் என்பதை 1972-73 முதல் 2011-12 வரை ஏறத்தாழ ஐந்தாண்டுக்கு ஒருமுறை பெரிய அளவில் கணக்கெடுத்தார்கள். அந்த இடைவெளி மிக அதிகம் என்பதால் 2017 ஏப்ரலில் காலமுறை தொழிலாளர் கணக்கெடுப்பு வந்தது. அதன் மாதிரியை 2025 ஜனவரியில் அடியோடு மாற்றி அமைத்தார்கள்.

மாதிரி எடுப்பது இரண்டு படிகளில் நடக்கும். முதலில் இடத்தைத் தேர்ந்தெடுப்பார்கள். ஊரகத்தில் அது ஒரு கிராமம். நகரத்தில் ஒன்றிரண்டு தெருக்களைக் கொண்ட ஒரு பிளாக். பிறகு அந்த இடத்துக்குள் வீடுகளைத் தேர்ந்தெடுப்பார்கள். பழைய முறையில் ஆண்டுக்கு 7,024 கிராமங்கள், 5,776 நகர பிளாக்குகள், ஆக 12,800 இடங்கள். ஒவ்வோர் இடத்திலும் 8 வீடுகள். நகரத்து வீடுகளுக்குக் காலாண்டுக்கு ஒருமுறை வீதம் நான்கு தடவை போவார்கள். கிராமத்து வீட்டுக்கு ஒரே தடவை.

புதிய முறையில் 12,504 கிராமங்கள், 10,188 நகர பிளாக்குகள், ஆக 22,692 இடங்கள். ஒவ்வோர் இடத்திலும் 12 வீடுகள். கிராமமானாலும் நகரமானாலும், தேர்வான வீட்டுக்கு அடுத்தடுத்த நான்கு மாதங்களில் நான்கு தடவை போக வேண்டும். வீடுகளின் எண்ணிக்கை ஏறத்தாழ 1,02,400-இலிருந்து 2,72,304 ஆனது. 2.65 மடங்கு என்று செய்திகளில் படித்தோம்.

ஆனால் வீடுகளை எண்ணுவது வேறு, வாசற்படி ஏறுவதை எண்ணுவது வேறு. அந்தக் கணக்கையும் போட்டுப் பார்ப்போம். பழைய முறையில் கிராமங்களில் ஆண்டுக்கு ஏறத்தாழ 56,000 நேர்காணல்கள். புதிய முறையில் 12,504 கிராமம், 12 வீடு, 4 தடவை. ஆறு இலட்சம் நேர்காணல்கள். பத்து மடங்குக்கும் மேல். நகரங்களில் 1,85,000-இலிருந்து 4,89,000, அங்கே 2.65 மடங்கு. இரண்டையும் சேர்த்தால் 2,41,000 நேர்காணல்கள் 10,89,000 ஆகின்றன. ஏட்டில் 2.65 மடங்கு, நடையில் நாலரை மடங்கு, கிராமத்து மண்ணில் பத்து மடங்கு. மறுவருகைக்கான கேள்வித்தாள் சிறியது என்பது உண்மைதான். ஆனால் கேள்வித்தாள் சிறியது என்பதற்காக ஊருக்குப் போகும் தூரம் குறைவதில்லை.

இந்த மாற்றம் எதற்காக என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். முன்பு வேலைநிலை பற்றிய எண்கள் ஊரகத்துக்கு ஆண்டுக்கு ஒருமுறைதான் கிடைத்தன. இப்போது நாடு முழுமைக்கும் மாதந்தோறும் கிடைக்கின்றன. மாநிலங்களுக்குக் காலாண்டுதோறும், கிராமம் நகரம் இரண்டுக்கும் கிடைக்கின்றன. முதல் மாத அறிக்கை 2025 மே 15 அன்று வந்தது. ஏப்ரல் மாத வேலையின்மை விகிதம் 5.1 சதவீதம் என்று அது சொன்னது. அதற்காக அந்த ஒரு மாதத்தில் மட்டும் 7,511 இடங்களில் 89,434 வீடுகளுக்குப் போயிருக்கிறார்கள். ஒரு பெரிய வேலையைச் செய்து காட்டியிருக்கிறார்கள். அதை வணங்கிவிட்டுத்தான் மேலே பேசுகிறேன்.

இன்னொரு மாற்றமும் கொங்கு நாட்டுக்கு முக்கியமானது. புதிய வடிவமைப்பில் மாவட்டமே அடிப்படை அடுக்கு. ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பார்கள். ஆனால் வால்பாறையின் தேயிலை, பொள்ளாச்சியின் தென்னை, சோமனூரின் தறி, திருப்பூரின் பனியன், கரூரின் வீட்டு ஜவுளி, நாமக்கல்லின் லாரியும் முட்டையும் ஒரே பானையில் வேகவில்லை. ஒவ்வொரு மாவட்டத்துக்கும் அதற்குரிய பங்கு மாதிரியில் உண்டு என்று உறுதி செய்வது நமக்கு நல்லது. மாநில அரசின் பொருளியல் மற்றும் புள்ளியியல் துறை எடுக்கும் மாதிரியையும் இதனோடு சேர்த்தால், மாவட்ட அளவிலேயே எண்கள் பெற வழி திறக்கிறது. 2025 ஆகஸ்ட் 27 முதல் அமெரிக்கா 50 சதவீத வரியைப் போட்டபோது, திருப்பூரில் எத்தனை பேர் வேலை இழந்தார்கள் என்று ஆளுக்கொரு எண் சொன்னார்கள். நம்பத்தக்க மாவட்டக் கணக்கு இருந்தால் அந்த வாக்குவாதமே தேவைப்படாது.

தோட்டத்துச் சாளையில் லிஸ்டிங்

இனி களத்துக்கு வருவோம். இடம் தேர்வானதும் முதல் வேலை லிஸ்டிங். அந்த எல்லைக்குள் இருக்கும் எல்லா வீடுகளையும் வரிசையாக எழுத வேண்டும். அந்தப் பட்டியலிலிருந்துதான் பன்னிரண்டு வீடுகள் தேர்வாகும்.

தஞ்சாவூர்ப் பக்கம் ஊர் என்றால் தெரு தெருவாக இருக்கும். நம் பக்கம் அப்படி இல்லை. ஊர் நத்தத்தில் ஒரு வளவு, காலனியில் ஒரு வரிசை. மிச்சமெல்லாம் அவரவர் தோட்டத்தில், கிணற்று மேட்டில், சாளை போட்டுக் குடியிருப்பார்கள். ஒரு சாளைக்கும் அடுத்த சாளைக்கும் நடுவே ஒரு தென்னந்தோப்போ ஒரு சோளக்காடோ இருக்கும். தார் ரோட்டிலிருந்து இட்டேரியில் இறங்கி ஒரு கிலோமீட்டர் போனால் இரண்டு வீடுகள் கிடைக்கும். தோட்டத்துக்குள்ளேயே தேங்காய் உரிக்கவோ கோழிப் பண்ணை பார்க்கவோ வந்த வடமாநிலக் குடும்பம் ஒன்று பின்னால் ஷெட்டில் இருக்கும். பட்டியலில் முதலில் விட்டுப்போவது அந்தக் குடும்பம்தான்.

உடுமலைப் பக்கம் இப்படிப்பட்ட ஒரு லிஸ்டிங்கில் கூடப் போயிருந்தேன். குடும்ப நுகர்வுச் செலவுக் கணக்கெடுப்பு நடந்த சமயம். 2022-23-இல் அதையும் புதிதாக அமைத்திருந்தார்கள். கிராமத்தில் வீடுகளை நில அளவைக்கொண்டு பிரிப்பது, நகரத்தில் சொந்தக் கார் இருக்கிறதா, அது பத்து இலட்சத்துக்கு மேற்பட்டதா என்று பார்த்துப் பிரிப்பது என்று ஏற்பாடு. வசதியான வீடுகள் மாதிரியில் விட்டுப்போகக் கூடாது என்பதற்காகச் செய்தது, காரணம் நியாயமானது. ஆனால் அதைக் கேட்க வேண்டியவர் வாசலில் நிற்கிறார். அந்த வீட்டு அம்மா, "வாங்க, உக்காருங்க, மொதல்ல மோரு குடிங்க" என்றார். கணக்கெடுப்பாளர் குடித்துவிட்டு, "பூமி எத்தனை ஏக்கராங்க?" என்று கேட்டார். அவ்வளவுதான், வீட்டுக்காரர் கட்டிலை விட்டு எழுந்தார். "ஏனுங்க, எதுக்குங்க கேக்கறீங்க?" விளக்கிச் சொன்ன பிறகு வந்த பதில்: "இன்னும் பங்கு பிரிக்கலீங்க. அண்ணனும் தம்பியும் சேர்ந்தாப்ல பன்னெண்டு ஏக்கரா. பாதி குத்தகைக்கு உட்ருக்குதுங்க."

இந்த வீட்டின் நிலம் பன்னிரண்டா, ஆறா, குத்தகை போக மூன்றா? விதிப் புத்தகத்தில் விடை இருக்கிறது. ஆனால் அந்த விடைக்கு வர அண்ணன் வீட்டுக்கும் ஒரு நடை போக வேண்டியிருந்தது. வடிவமைப்பில் ஒரு வரியாக இருந்தது, களத்தில் அரைமணி நேரமாயிற்று. தேர்வாகப் போகிற வீடுகளில் மட்டும் கேட்டால் போதும் என்று நினைத்துவிடாதீர்கள். பட்டியலில் வரும் எல்லா வீடுகளிலும் கேட்டால்தான் தேர்வே செய்ய முடியும்.

லிஸ்டிங்கில் அவசரப்பட்டால் என்ன ஆகும்? எடுத்துக்காட்டுக்கு ஒரு கணக்கு சொல்கிறேன். ஓர் இடத்தில் உண்மையில் 240 வீடுகள் இருக்கின்றன. 12 வீடுகள் தேர்வானால் ஒவ்வொரு வீடும் 20 வீடுகளின் சார்பில் பேசுகிறது. கணக்கெடுப்பாளர் நேரமில்லாமல் தூரத்துச் சாளைகளில் 40-ஐ விட்டுவிட்டால் பட்டியலில் 200 வீடுகள்தான். இப்போது ஒவ்வொரு வீடும் 16 அல்லது 17 வீடுகளுக்குத்தான் பேசும். விட்டுப்போன நாற்பது குடும்பங்களுக்கோ தேர்வாகும் வாய்ப்பே இல்லை. பின்னால் எந்தக் கம்ப்யூட்டரும் இதைக் கண்டுபிடிக்காது. கணக்கெடுப்பாளர் பதிவு செய்யும் டேப்லெட்டில் எல்லாக் கட்டங்களும் பச்சை நிறத்தில்தான் இருக்கும்.

வால்பாறையில் நகரம், திருப்பூரில் பூட்டு

நகரம் என்றால் வேலை சுலபம் என்று நினைப்பவர்களை நான் வால்பாறைக்கு அழைப்பேன். வால்பாறை ஒரு நகராட்சி. ஆகவே அந்த மலையிலிருக்கும் எஸ்டேட் லைன் வீடுகள் கணக்கில் நகரம். ஆழியாறிலிருந்து நாற்பது கொண்டை ஊசி வளைவுகள் ஏறிப் போய், அங்கிருந்து எஸ்டேட் வண்டியைப் பிடித்து, கொழுந்து பறித்துவிட்டுத் தொழிலாளர்கள் திரும்பும் நேரத்துக்குக் காத்திருந்து, இருட்டும் முன் யானை நடமாட்டத்துக்குப் பயந்து கிளம்ப வேண்டும். பழைய முறையில் இந்தப் பயணம் மூன்று மாதத்துக்கு ஒருமுறை. புதிய முறையில் மாதம் ஒருமுறை. ஒரு பிளாக்கின் முறை ஜூனில் தொடங்கினால் நான்கு பயணங்களும் தென்மேற்குப் பருவமழைக்குள்ளேயே விழும். நாடு முழுவதற்கும் சராசரி எடுத்து ஒரு பிளாக்குக்கு இத்தனை நாள் என்று வகுத்தால், வால்பாறையின் மழை அந்தச் சராசரிக்குள் அடங்காது.

திருப்பூரில் சிக்கல் வேறு. அங்கே தூரம் பிரச்சினையில்லை; நேரம்தான் பிரச்சினை. பனியன் கம்பெனிக்குப் போகிறவர்கள் காலை எட்டரைக்கு உள்ளே போனால், ஒன்றரை ஷிப்டு முடித்து இரவு திரும்புவார்கள். பகலில் போனால் காம்பவுண்டு முழுக்கப் பூட்டு. ஒரே அறையில் ஒடிசாவிலிருந்தோ பீகாரிலிருந்தோ வந்த ஐந்து பேர் இருந்தால், இந்த மாதம் பேசியவர் அடுத்த மாதம் வேறு கம்பெனிக்கு, வேறு அறைக்கு மாறியிருப்பார். தீபாவளிக்குக் கிளம்பினவர்கள் எப்போது திரும்புவார்கள் என்று வீட்டுக்காரருக்கும் தெரியாது. முதல் வருகையில் ஒரு வீடு கிடைக்காவிட்டால் மாற்று வீடு எடுக்கலாம். மறுவருகையில் அப்படி எடுத்தால், ஒரே வீட்டைத் தொடர்ந்து பார்ப்பது என்ற நோக்கமே கெட்டுவிடும். ஆகவே அந்த இடம் காலியாகவே இருக்கும். இதில் ஒரு கொடுமை உண்டு. வேலை போனதால் அறையைக் காலி செய்துவிட்டு ஊருக்குப் போனவர்தான் இந்தக் கணக்கெடுப்பு பிடிக்க வேண்டிய முதல் ஆள். அவரே கைநழுவிப் போகிறார்.

ஆளைப் பிடித்த பிறகு கேள்வி. கடந்த ஏழு நாளில் ஒவ்வொரு நாளும் என்ன வேலை, எத்தனை மணி நேரம் என்று கேட்க வேண்டும். பீஸ் ரேட்டுக்குத் தைக்கிற டெய்லர், "திங்கக்கெழம ஒன்றர ஷிப்டுங்க, செவ்வாக்கெழம பீஸ் வரலீங்க, புதன் பாதி நாளு உக்காந்திருந்தோம்" என்பார். ஒன்றரை ஷிப்டை மணியாக மாற்ற வேண்டும். பீஸ் வராமல் கம்பெனியிலேயே காத்திருந்த பாதி நாளை என்னவென்று எழுதுவது என்று யோசிக்க வேண்டும். இதற்குப் பொறுமையும் அனுபவமும் வேண்டும். அவசரத்தில் ஏழு நாளுக்கும் எட்டு எட்டு என்று போட்டுவிட்டால் வேலைக் குறைவு என்ற நிலையே நாட்டில் இல்லாமல் போய்விடும்.

பல்லடம், அவினாசிப் பக்கத்து மில் ஹாஸ்டல்களையும் மறக்கக் கூடாது. கணக்கெடுப்பு விதிப்படி ஹாஸ்டலில் தங்கியிருக்கும் ஒவ்வொருவரும் தனித்தனியாக ஓர் ஆள் குடும்பம். ஓர் ஊரின் எல்லைக்குள் நூறு பெண்கள் தங்கும் ஹாஸ்டல் இருந்தால் பட்டியலில் நூறு குடும்பங்கள் கூடும். அவர்களைப் பார்க்க மில் நிர்வாகத்திடம் அனுமதி வாங்கி, வார்டன் எதிரில் உட்காராத இடமாகப் பார்த்துப் பேச வேண்டும். ஒரு தடவை அனுமதி வாங்குவதே பாடு. நான்கு மாதம் தொடர்ந்து வாங்க வேண்டும் என்றால், மாவட்ட நிர்வாகத்திலிருந்து முன்கூட்டியே ஒரு கடிதம் போயிருக்க வேண்டும். அதைச் செய்ய வேண்டியது அலுவலகம்.

மாதம் மாதம் போவதில் நன்மையும் இருக்கிறது. நான்காம் தடவை போகும்போது நாய்கூடக் குரைக்காது என்று கணக்கெடுப்பாளர்களே சொல்வார்கள். முகம் பழகிவிட்டால் பேச்சு சுருக்கமாக, தெளிவாக முடியும். "போன மாசந்தானுங்க சொன்னோம், அதையே எழுதிக்குங்க" என்கிற சலிப்பும் வரும். பழக்கமும் சலிப்பும் சேர்ந்தே வரும் இடத்தில், எது மேலோங்கும் என்பதைத் தீர்மானிப்பது முதல் வருகையில் கணக்கெடுப்பாளர் செலவழித்த நேரம்தான்.

அலுவலகத்தின் புதிய மாதம்

முன்பு ஒரு காலாண்டின் வேலையை முன்னே பின்னே தள்ளி முடிக்க இடமிருந்தது. ஒருவருக்குக் காய்ச்சல் வந்தால் அடுத்த வாரம் சரிக்கட்டலாம். இப்போது களப்பணி மாதக் கடைசியில் முடிந்தால், அடுத்த மாதம் பதினைந்தாம் தேதி வாக்கில் நாட்டுக்கே எண் வெளியாக வேண்டும். நடுவில் இருக்கும் இரண்டு வாரத்தில்தான் விட்டுப்போனதைப் பிடிப்பதும், முரணானதைத் திருப்பிக் கேட்பதும், சரிபார்ப்பதும், எடை போட்டுக் கூட்டுவதும். டேப்லெட் வந்ததால்தான் இது முடிகிறது. காகிதப் படிவமாக இருந்தால் கனவிலும் முடியாது. ஆனால் டேப்லெட் ஓர் எண் வரம்புக்குள் இருக்கிறதா என்று பார்க்கும். அது உண்மையா என்று கேட்காது. அதைக் கேட்பது மேற்பார்வையாளர். அவர் கணக்கெடுப்பாளரோடு ஊருக்குப் போய் ஒரு நேர்காணலைக் கூட இருந்து பார்ப்பதும், முடிந்த வீட்டுக்கு மறுபடி போய்ச் சரிபார்ப்பதும்தான் தரத்துக்குக் காவல். வேலை நாலரை மடங்கானபோது மேற்பார்வையாளர் எண்ணிக்கையும் அதற்கேற்ப உயர்ந்ததா என்பதே ஒவ்வோர் அலுவலகத்திலும் கேட்க வேண்டிய முதல் கேள்வி.

அதே ஆட்கள்தான் நுகர்வுச் செலவு, பதிவுபெறாத சிறுதொழில்கள் என்று மற்ற கணக்கெடுப்புகளையும் பார்க்கிறார்கள். நுகர்வுச் செலவுக் கணக்கெடுப்பை 2022-23-இல் மூன்று கேள்வித்தாளாக்கி, ஒரே வீட்டுக்கு மூன்று தடவை போகும்படி அமைத்தார்கள். நாடு முழுவதும் 2,61,746 வீடுகள். ஒவ்வொரு திருத்தமும் தனித்தனியே பார்த்தால் நியாயமானது. ஆனால் எல்லாம் வந்து சேருவது ஒரே ஆளின் நாட்குறிப்பில். ஒரு கணக்கெடுப்பை மாற்றி அமைக்கிறவர்கள், அந்த ஆளின் கையில் ஏற்கெனவே இருக்கும் மற்றவற்றையும் மேசைமேல் வைத்துப் பார்க்க வேண்டும்.

ஒப்பந்த முறையில் வரும் இளைஞர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். இவர்களில் பலர் நன்றாகப் படித்தவர்கள், சுறுசுறுப்பானவர்கள். வேறு வேலை கிடைத்ததும் போய்விடுகிறார்கள். மாதச் சுழற்சியில் நடுவில் ஒருவர் போனால், அதுவரை பழகிய பன்னிரண்டு வீடுகளின் வாசலும் அவரோடு போகிறது. புதியவர் முதலிலிருந்து தொடங்க வேண்டும். உள்ளூர் ஆளை எடுப்பது, பயணப்படியைத் தாமதமின்றிக் கொடுப்பது, பணி நீடிக்கும் என்ற உறுதியைத் தருவது எல்லாம் நிர்வாக விஷயங்களாகத் தோன்றும். உண்மையில் அவையும் மாதிரி வடிவமைப்பின் பகுதிகள்தான்.

பெரிதான மாதிரி எவ்வளவு துல்லியம் தரும்?

மாணவர்களுக்காக ஒரு கணக்கு. மாதிரி 2.65 மடங்கானால் மாதிரிப் பிழை எவ்வளவு குறையும்? வர்க்கமூலம் எடுத்துப் பாருங்கள். ஏறத்தாழ 39 சதவீதம் குறையும். ஆனால் அது எல்லா வீடுகளும் தனித்தனியே நாடெங்கும் சிதறிக் கிடந்தால்தான். ஒரே ஊரின் வீடுகள் ஒன்றுபோல் இருக்கும். தறிக்குடோன் நிறைந்த ஊரில் எட்டு வீட்டில் கேட்டாலும் பன்னிரண்டு வீட்டில் கேட்டாலும் பெரும்பாலும் தறிதான் பேசும். அப்படி முழுக்க ஒன்றுபோல் இருந்தால் கணக்கில் வருவது இடங்களின் எண்ணிக்கை மட்டுமே, அது 1.77 மடங்குதான் கூடியிருக்கிறது. அப்போது பிழை 25 சதவீதம்தான் குறையும். உண்மை இவ்விரண்டுக்கும் நடுவில் இருக்கும். இந்த ஆதாயத்துக்காக நாலரை மடங்கு நடக்கிறோம். நடந்து களைத்தவர் எழுதும் பிழை, குறைந்த பிழையைத் தின்றுவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இதை மகலனோபிஸ் தொடக்கத்திலேயே உணர்ந்திருந்தார். 1930-களில் வங்காளத்தில் சணல் பரப்பைக் கணக்கிட்டபோதே, ஒரே பகுதிக்கு இரண்டு தனித்தனி துணை மாதிரிகளை எடுத்து, வெவ்வேறு ஆட்களை அனுப்பி, இரண்டு விடைகளையும் ஒப்பிட்டார். மாதிரிப் பிழைக்கு மேல் எவ்வளவு வேறுபடுகிறதோ அந்த அளவுக்கு மனிதப் பிழை உள்ளே இருக்கிறது என்று தெரியும். இன்றைக்கும் மத்திய மாதிரி, மாநில மாதிரி என்று இரண்டு எடுக்க நம்மிடம் வழியிருக்கிறது. கோவை மாவட்டத்தில் இரண்டும் என்ன சொல்கின்றன என்று ஒப்பிட்டு வெளியிட்டால், அது களப்பணியின் தரத்துக்கு ஒரு கண்ணாடியாக இருக்கும்.

பழையதற்கும் புதியதற்கும் பாலம்

அளவுகோலை மாற்றும்போது பழைய அளவையும் புதிய அளவையும் இணைக்க ஒரு பாலம் வேண்டும். 1999-2000-இன் நுகர்வுச் செலவுக் கணக்கெடுப்பில் அப்படி ஒரு பாலம் இல்லாததற்கு நாம் பெரிய விலை கொடுத்தோம். அதற்கு முந்தைய சில சுற்றுகளில், சில வீடுகளில் முப்பது நாள் செலவைக் கேட்டும், வேறு சில வீடுகளில் உணவுச் செலவை ஏழு நாளுக்குக் கேட்டும் சோதனை செய்தார்கள். தனித்தனி வீடுகள் என்பதால் ஒப்பிட முடிந்தது. 1999-2000-இல் நடந்த 55-ஆம் சுற்றில் உணவுக்கு இரண்டையும் ஒரே வீட்டில் ஒரே தாளில் கேட்டார்கள். ஒரு விடை மற்றதைப் பாதித்தது. வறுமை 1993-94-இன் 36 சதவீதத்திலிருந்து 26 சதவீதமாகக் குறைந்தது என்ற அரசின் கணக்கு உண்மையா, கேள்வித்தாள் செய்த வேலையா என்று பல ஆண்டுகள் பொருளாதார அறிஞர்கள் வாதாடினார்கள்.

அமெரிக்காவில் தொழிலாளர் கணக்கெடுப்பை 1994 ஜனவரியில் மாற்றி அமைத்தபோது, அதற்கு முன் 1992 ஜூலை முதல் 1993 டிசம்பர் வரை பதினெட்டு மாதங்கள் புதிய முறையைப் பழையதன் பக்கத்திலேயே தனியாக நடத்திப் பார்த்தார்கள். 2010 மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்குப் பிறகு மாதிரியைப் புதுப்பித்தபோது, 2014 ஏப்ரல் முதல் 2015 ஜூலை வரை படிப்படியாகப் பழைய இடங்களை இறக்கிப் புதிய இடங்களை ஏற்றினார்கள். புதிய ஊர்களில் ஆள் எடுத்துப் பயிற்சி கொடுக்க அந்த அவகாசம் தேவைப்பட்டது. பணக்கார நாடு என்பதால் செய்தார்கள் என்று ஒதுக்கிவிடக் கூடாது. பாலம் இல்லாவிட்டால் பின்னால் ஆகும் செலவு அதிகம் என்பதால் செய்தார்கள்.

அடுத்த திருத்தம் வாசலில் நிற்கிறது

இவ்வளவும் ஏன் இப்போது சொல்கிறேன்? நம்முடைய மாதிரிகள் இன்றும் 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் கிராமப் பட்டியலைச் சார்ந்திருக்கின்றன. 2011-இன் கோவை எது? கோவை மாநகராட்சி அப்போதுதான் நூறு வார்டுகளாக விரிந்து, சரவணம்பட்டியையும் வடவள்ளியையும் குறிச்சியையும் உள்ளே சேர்த்துக்கொண்டது. அன்றைய கீரணத்தம் வேறு, ஐ.டி. கம்பெனிகளும் அடுக்ககங்களும் எழுந்துவிட்ட இன்றைய கீரணத்தம் வேறு. 2027 மார்ச் 1-ஐ அடிப்படை நாளாகக் கொண்ட மக்கள்தொகைக் கணக்கெடுப்பு முடிந்ததும் இந்தப் பட்டியல் முழுவதும் மாறும். எது கிராமம், எது நகரம் என்பதே பல இடங்களில் மாறும். மறுபடி ஒரு பெரிய திருத்தம் வரும். வந்தே ஆக வேண்டும்.

அதற்கு முன் மூன்று வேண்டுகோள்கள்.

முதலாவது, மாதிரியை அமைப்பவர்களுக்கு. வரைவு தயாரானதும் அதை வால்பாறையில் ஒரு லைன் வீட்டிலும், உடுமலைப் பக்கம் ஒரு தோட்டத்திலும், திருப்பூரில் ஒரு காம்பவுண்டிலும் நடத்திப் பாருங்கள். எத்தனை மணி நேரம் பிடித்தது என்று எழுதிவையுங்கள். மாதிரியின் அளவைத் தீர்மானிக்கும் கூட்டத்தில் அந்தத் தாளும் இருக்கட்டும். இருபது ஆண்டு களத்தில் அலைந்த ஒருவருக்கு அந்தக் கூட்டத்தில் நாற்காலி கொடுங்கள். பழைய முறையையும் புதிய முறையையும் சில மாவட்டங்களிலாவது ஓராண்டு சேர்த்து நடத்துங்கள்.

இரண்டாவது, இங்கே இருக்கும் மாணவர்களுக்கு. தரவைத் தரவிறக்கம் செய்து மாடல் போடுவதற்கு முன், ஒரே ஒரு நாள் லிஸ்டிங்குக்குக் கூடப் போங்கள். நீங்கள் கணினியில் பார்க்கும் ஒவ்வொரு வரியும் யாரோ ஒருவருடைய வாசலில் எழுதியது என்று தெரிந்தவர் எழுதும் ஆய்வு வேறு விதமாக இருக்கும்.

மூன்றாவது, பொதுமக்களாகிய நமக்கு. அடையாள அட்டையோடு ஒருவர் வந்து நிலத்தையும் சம்பளத்தையும் கேட்டால், அட்டையைப் பாருங்கள், சந்தேகம் இருந்தால் அலுவலகத்தில் விசாரியுங்கள். உண்மையானவர் என்று தெரிந்ததும் உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். நீங்கள் சொல்வது புள்ளிவிவரத்துக்கு மட்டும்தான். உங்கள் பெயரோடு வெளியே போகாது. நான்காம் மாதமும் அவர் வந்தால் சலித்துக்கொள்ளாதீர்கள். உங்கள் வீடு உங்களுக்காக மட்டும் பேசவில்லை. தேர்வாகாத பல வீடுகளின் சார்பில் பேசுகிறது. நீங்கள் கதவைச் சாத்தினால் அத்தனை வீடுகளும் சேர்ந்து மௌனமாகிவிடும்.

ஒரு நாடு தன் மக்களின் நிலையை அறிய விரும்புவது நல்ல ஆட்சியின் அடையாளம். அதை மாதந்தோறும் அறிய விரும்புவது இன்னும் நல்லது. அப்படி அறிந்துவந்து சொல்கிறவருக்கு நேரமும் துணையும் மதிப்பும் கொடுப்போம். எண்கள் சரியாக வருவதற்கு அதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது.